எட்டு பத்துக்கு விழும் கோடு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பேர் பத்து நிமிஷத்தம்மா. அம்மா என்று கூப்பிட்டார்களே தவிர, அவளுக்கு நாற்பத்தாறு வயதுதான். பெற்ற பிள்ளை என்று ஒன்றும் கிடையாது. வாசலை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் கடிகாரம், மேசைமேல் ஊழியர்களின் கையெழுத்து நோட்டு. வேலை எட்டு மணிக்கு ஆரம்பம், பத்து நிமிஷம் சலுகை. எட்டு பத்து ஆனதும் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவாள். யார் பேருக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறதோ, அதில் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். கோடு விழுந்தால் அன்றைக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். எட்டு பதினொன்றுக்கு மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாலும் அந்த அர்த்தம் மாறாது.

ஒருத்தருக்காக இன்னொருத்தர் கையெழுத்துப் போடுகிற கதையெல்லாம் அவளிடம் நடக்காது. ஆள் நேரில் வந்து, மேசை முன்னால் நின்று, தன் கையால் போட வேண்டும். எக்ஸ்ரே எடுப்பவர் ஒரு நாள் கண் கலங்கிப் போய் வந்தார், பிள்ளைக்கு ராத்திரி முழுக்க வலிப்பாம். அவர் சொன்னதை எல்லாம் கேட்டாள், உச்சுக் கொட்டினாள், மறுநாள் பிள்ளைக்குப் பழம்கூட வாங்கிக் கொடுத்தனுப்பினாள். போட்ட கோடு போட்டபடி இருந்தது. எமனே வந்தாலும் எட்டு பத்துக்குள் வரவில்லை என்றால் நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிடுவாள் என்று மருந்துக்கடைக்காரர் கேலி பேசுவார். அவளுக்கு அந்தக் கேலி உள்ளூரப் பிடிக்கும்.

பெரிய டாக்டரையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவர் காலத்தில், பெரிய டாக்டரின் கட்டங்கள் வாரம் முழுக்கக் காலியாகவே கிடக்கும். சனிக்கிழமை நோட்டு அவர் அறைக்குப் போகும், ஆறு நாளையும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டு நிரப்புவார். இவள் வேலைக்கு வந்த முதல் வாரமே ஆறு கட்டத்திலும் கோடு விழுந்துவிட்டது. அவர் கூப்பிட்டனுப்பி, யார் பேருக்கு எதிரே கோடு போட்டிருக்கிறாய் தெரியுமா என்று கேட்டார். தெரியும், பேர் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே என்றாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் எட்டு ஐந்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார். போடும்போதெல்லாம், இந்த ஆஸ்பத்திரியில் நான் பயப்படுகிற ஒரே ஆள் நீதான் என்று சிரிப்பார். அது வெறும் வாய்ச்சிரிப்புத்தான்.

அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் தங்கை. கல்யாணமாகி ஏழே மாதத்தில், இனி புருஷன் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று திரும்பி வந்தவள், அப்போது பத்து வயதாக இருந்த தங்கையைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டாள். தலை பின்னிவிட்டாள், அடித்தாள், படிக்க வைத்தாள், அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்த்துவிட்டாள். பஸ் ஓட்டும் ஒருவனுக்குக் கட்டியும் கொடுத்தாள். ரெண்டு பெண் குழந்தைகள். தங்கை லேட்டாக வந்த நாட்களில் தங்கைக்கும் கோடு விழுந்தது. சாயங்காலம் வீட்டில் தங்கை அவள் சமைத்த குழம்பில் உப்பில்லை என்று பழி தீர்த்துக்கொள்வாள். நல்ல அக்கா, நல்ல தங்கை. ரெண்டும் அழுத்தக்காரிகள்.

காய்ச்சல் வந்தது. மார்பில் சளி கட்டி, நாலைந்து நாளில் ஆளைக் கொண்டுபோகிற காய்ச்சல். முதலில் பக்கத்துப் பட்டணத்தில் என்றார்கள், அப்புறம் ரயில் நிலையத்துப் பக்கம் என்றார்கள், அப்புறம் யாரும் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். பத்து நாளில் நகரம் காலி. கடைகளின் ஷட்டர்கள் இறங்கின. பஸ் டிப்போவில் பஸ்கள் வரிசை கட்டி நின்று தூசி படிந்தன. நடுரோட்டில் நாய்கள் கால் நீட்டிப் படுத்தன. எதிரில் இருந்த பள்ளிக்கூடத்தின் மின்சார மணி மட்டும் யாரும் நிறுத்தாமல் போனதால் தினமும் மணிக்கு மணி அடித்தது. வகுப்பு மாற ஒரு பிள்ளையும் இல்லை. தங்கை வீட்டுக்காரர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தன் அப்பா அம்மா ஊருக்குப் போனார். நீயும் வந்துவிடு என்று பெண்டாட்டியிடம் கெஞ்சினார். அவள் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்ட நோட்டில் கோடுகள் பெருகின. முப்பதானது, இருபதானது, கடைசியில் பதினொரு பேர் தினமும் வந்து போட்டார்கள். டாக்டர்களில் பெரிய டாக்டர் ஒருவர்தான் மிச்சம். வாசல் காவலாளியே ஓடிப்போனதால் வாசலின் குறுக்குக் கம்பியைத் தூக்கி இறக்கும் வேலையும் இவள் தலையில் விழுந்தது.

அந்தக் கம்பியைத்தான் அவள் ஒரு நாள் மத்தியானம் பெரிய டாக்டரின் காருக்காகத் தூக்கினாள். பின்சீட்டில் பெட்டிகள் இருந்தன. அவர் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றார். இவளும் தலையாட்டினாள். பிற்பாடு, தன் கையாலேயே கம்பியைத் தூக்கிவிட்டோமே என்று அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அவள் வெந்ததுண்டு.

காய்ச்சல் வார்டு தனிக் கட்டிடம், தோட்டத்துக்குப் பின்னால், தனக்கென்று ஒரு பின்வாசலோடு இருந்தது. அதைச் சீல் வைத்தார்கள். உள்ளே போனவர் வெளியே வரக்கூடாது, உள்ளே போன பொருளும் திரும்பி வரக்கூடாது. முப்பது நோயாளிகளோடு உள்ளே போக ஒரு நர்ஸ் வேண்டும் என்றதும் தங்கை கை தூக்கினாள். கூட ஒரு துப்புரவுக்காரர் போனார். ஒப்பந்த ஆள், நோட்டில் பேர் இல்லாதவர். அஞ்சாம் நாள் அவர் பின்சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு தங்கை ஒருத்திதான்.

தினமும் காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் இருக்கும் போனிலிருந்து வாசல் அறைக்குக் கூப்பிடுவாள். முதல் நாள் இப்படிப் பேசினார்கள்:

"அக்கா, நான் ஆஜர். என் கட்டத்துல நீயே ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"நான் எப்படிப் போட முடியும்? நீ வெளிய வா, வந்து எழுதிக் கொடு, அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"அப்ப இன்னிக்கு நான் லீவா?"

"நோட்டுப்படி லீவுதான்."

தங்கை போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். முப்பது பேருக்கு ஒருத்தியாக ஓடிக்கொண்டிருப்பவள் லீவில் இருக்கிறாள் என்பது அவளுக்குப் பெரிய வேடிக்கை. அக்காவும் சிரித்தாள். எட்டு பத்துக்குக் கோடு போட்டாள். மறுநாளும் போட்டாள். விதிக்கு ஒரு தரம் விலக்கு வைத்தால் அப்புறம் அது விதியாக இருக்காது என்பது அவள் கொள்கை. வெளியே வந்ததும் ஒரு கடிதம் எழுதிச் சேர்த்தால் எல்லாம் நேராகிவிடும். தங்கை வெளியே வராமல் போவாள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் தங்கையின் குரல் கம்மியது. தனக்கும் சூடு அடிக்கிறது என்றாள். அதைவிட அவளுக்குப் பெரிய கவலை வேறு. நோயாளிகளில் நாலு பேருக்கு மூச்சு முட்டுகிறது, புது ஊசி மருந்து பெட்டியோடு இருக்கிறது, எவ்வளவு போட வேண்டும் என்று தெரியவில்லை, பெரிய டாக்டரைக் கேட்டுச் சொல் என்றாள். அக்கா அவர் ஊருக்கு வெளியே கட்டியிருந்த தோட்ட வீட்டுக்குப் போன் போட்டாள். ஒரு வேலைக்காரப் பெண் எடுத்தாள்.

"ஐயா ஆஸ்பத்திரியிலதானே இருக்காரு."

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்துதாம்மா பேசறேன்."

மறுமுனையில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் தினமும் எட்டு ஐந்துக்குக் கேட்ட கனைப்பு. போன் வைக்கப்பட்டது. திரும்பப் போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

தங்கை தன் புத்திக்கு எட்டியபடி ஊசி போட்டாள். நாலில் மூன்று பேர் பிழைத்தார்கள். அவள் தனக்குப் போட்டுக்கொள்ள மருந்து மிச்சமில்லை. இருபத்து மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் போன் வரவில்லை. எட்டு பத்துக்கு அக்கா கோடு போட்டாள். ஒன்பதரைக்கு மணி அடித்தது. ஒரு கிழவரின் குரல், நோயாளி, அந்தப் பொண்ணு எழுந்திருக்கலைம்மா என்றார். நகராட்சி லாரி பின்வாசல் வழியாக வந்து போனது. எங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அவள் அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. அதற்குப் பிறகும் முப்பத்தெட்டு நாள் அந்த மேசையை விட்டு நகரவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்து, கடமையே உருவானவர் என்று எழுதினார். வயிற்றெரிச்சலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடமையாவது ஒன்றாவது. அவள் உட்கார்ந்திருந்தது ஒரே காரியத்துக்கு: தினமும் எட்டு பத்துக்குப் பெரிய டாக்டரின் பேருக்கு எதிரே ஒரு கோடு இழுக்க. வரட்டும், திரும்பி வரட்டும், இந்த நோட்டை அவன் முகத்துக்கு நேரே விரிக்கிறேன் என்று கருவிக்கொண்டே ஒவ்வொரு கோடாக இழுத்தாள். ஒருமையில்தான் நினைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு கோடு என்பது அவளுக்குச் சோறாகவும் தண்ணீராகவும் இருந்தது. வஞ்சம் என்றால் நல்லவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நகரத்தையே விட்டு ஓடியவர்கள் எல்லாம் நல்லவர்கள்தானே.

காய்ச்சல் அடங்கியது. ஷட்டர்கள் ஏறின. பெரிய டாக்டரும் வந்தார், எட்டு ஐந்துக்கு, மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு. நோட்டைத் திறந்தார். தன் வரிசையில் கோடுகள் பக்கம் பக்கமாக ஓடுவதைப் பார்த்தார். கோபப்படவில்லை. உட்காராமல் நின்றபடியே, உன் தங்கச்சி விஷயம் கேள்விப்பட்டேன் என்று மெதுவாக ஆரம்பித்தார். யார் வேலையை விட்டு ஓடினார்கள் என்று பார்க்க அரசாங்கம் விசாரணைக் குழு போட்டிருக்கிறது, பணியில் இருந்து இறந்தவர்கள் பேரை வாசலில் கல்லில் வெட்டப்போகிறார்கள், பட்டியலை இந்த நோட்டிலிருந்துதான் எடுப்பார்கள் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நானும் காய்ச்சல் வார்டுக்குள்ளதான் இருந்தேன். உன் தங்கச்சியும் உள்ளதான் இருந்தா. ரெண்டு பேராலயும் வெளிய வந்து கையெழுத்துப் போட முடியல. இதைச் சொல்றதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?"

"நீங்க கார்ல போனதை நான் பார்த்தேன்."

"போனதைப் பார்த்தே. பின்வாசல் வழியா திரும்பி வந்ததை நீ பார்க்கல." அவர் பேனாவை மேசையில் வைத்தார். "யோசி. அந்தப் பட்டியல்ல அவ பேருதான் முதல்ல வரணும்னு நானே சொல்றேன்."

அவர் அரக்கன் ஒன்றும் இல்லை. பயந்துவிட்டார், பிள்ளைகுட்டிக்காரர், பயந்தவர்கள் ஆயிரம் பேர். ஆனால் பயந்து ஓடியவன் தப்பிக்க, செத்தவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வார்டுக்குள் இருந்தவர்களில் அவர் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தங்கை. சுவர் ஏறிக் குதித்த துப்புரவுக்காரர் எங்கே போனார் என்று தெரியாது. நோயாளிகளைக் கேட்டால், முகமூடியும் அங்கியும் போட்ட உருவங்களைத்தான் ஜுர வேகத்தில் பார்த்தோம் என்பார்கள். மிச்சம் இருந்த ஊழியர்கள் அந்தக் கட்டிடத்துப் பக்கமே போனதில்லை. போனில் கேட்ட கனைப்பு சாட்சியாகாது.

தங்கை வீட்டுக்காரர் விஷயம் தெரிந்து ஓடி வந்தார். அந்த ஆள் சொல்கிறபடி சொல்லிவிடுங்கள் என்று மன்றாடினார். அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்காரட்டும், நமக்கென்ன என்றார். கடைசியாக இதைச் சொன்னார்:

"புதைச்ச இடம்கூடத் தெரியலைக்கா. அந்தக் கல்லுல பேரு இருந்தா, பொண்ணுங்க வந்து தொட்டாவது பார்ப்பாங்க."

அவள் உண்மையைச் சொன்னால் போதும், தங்கை பேரும் கல்லில் ஏறும், அவனும் மாட்டிக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தங்கை உள்ளே இருந்தாள், அவன் இல்லை. இதைச் சொல்ல எதற்கு இத்தனை சுற்று?

விசாரணை நர்ஸுகள் பாடம் படிக்கும் அறையில் நடந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் நடுவில், அதிகாரிகள் ரெண்டு பேர் இரு பக்கமும். நோட்டு மேசைமேல் விரிந்து கிடந்தது. முதலில் அவள் தங்கையைப் பற்றித்தான் சொன்னாள்: வார்டுக்குள் இருந்தாள், தினமும் எட்டு மணிக்குப் போன் செய்தாள், வெளியே வர முடியாததால் கட்டம் காலி, அதனால் கோடு. நீதிபதி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அப்போது பெரிய டாக்டர் எழுந்தார். ரொம்பப் பணிவாகப் பேசினார்.

அந்த அம்மாவே சொல்லிவிட்டார்கள், கோடு விழுந்ததால் ஆள் இல்லை என்று ஆகாது. வார்டுக்குள் இருந்தவர்களுக்கும் கோடுதான் விழுந்திருக்கிறது. நானும் வார்டுக்குள் இருந்தவன். என்னுடைய கோட்டுக்கும் அதே விளக்கம்தான். தங்கைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நியாயமான மனுஷர். அதுதான் வினையாகப் போனது. அவர் அவளைப் பார்த்து, இந்த நோட்டைத் தவிர எங்களிடம் வேறு சாட்சி இல்லை, அதனால் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"கோடு விழுந்தா ஆள் வேலைக்கு வரலைன்னு அர்த்தமா, இல்ல, வார்டுக்குள்ள இருந்திருக்கலாம்னும் அர்த்தமா?"

அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது. இருந்திருக்கலாம் என்றால் தங்கை பேர் கல்லில் ஏறும், அவனும் நாற்காலியில் ஏறுவான். நாளைக் காலை எட்டு ஐந்துக்கு வந்து, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவான். அவள் பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வரலைன்னுதான் அர்த்தம்," என்றாள்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"உங்க தங்கச்சிக்கும்?"

அறைக் கதவருகே தங்கை வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இந்த நோட்டுல எனக்கு அக்கா தங்கச்சி யாரும் கிடையாது," என்றாள்.

பெரிய டாக்டரின் வேலை போனது. மூன்று வருஷத்துக்கு எங்கேயும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றும் உத்தரவானது. அவர் தன் சாமான்களைப் பெட்டியில் போட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போன அன்று, காவலாளி திரும்பி வேலைக்கு வந்திருந்தும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனைத் தள்ளிவிட்டு அவளே கம்பியருகே போனாள். உடனே தூக்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரி செய்தாள், வானத்தைப் பார்த்தாள், ஒரு கொட்டாவி விட்டாள். அவர் காருக்குள் முன்னால் பார்த்தபடி காத்திருந்தார். அதன் பிறகு தூக்கினாள். அன்று மத்தியானம் ரெண்டு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைக்கவும் இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கல் வந்தது. ஏழு பேரின் பெயர் வெட்டியிருந்தது, தங்கை பேர் இல்லை. குழுவின் அறிக்கையும் அச்சாகி வந்தது. தங்கை வீட்டுக்காரர் அதில் ஒரு பிரதியை எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்தார். மேசை முன்னால் நின்று, பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து ஒரு வரியை அவளிடம் காட்டினார். தங்கை பேரைப் போட்டு, இருபத்து மூன்று நாட்கள் பணிக்கு வராதவர், காய்ச்சல் வார்டில் நோயாளியாக இருந்து இறந்தார் என்று எழுதியிருந்தது.

அவள் அதைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள், ஒரே வரிதான். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அவன் திரும்ப அந்த நாற்காலியில உக்காரலையே, மாப்பிள்ளை. அது போதும்."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குப் போதும்க்கா," என்றார்.

வாசல்வரை போய்விட்டவரை, பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள் என்று அவள் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.